பம்புக்கு ஒரு நாள் லீவு

ஏன் பழைய வீட்டைக் காலி பண்றீங்கன்னு கேட்டீங்க பாருங்க, அது நாயமான கேள்விங்க்கா. வாடகைக்கு விடறவங்க கேட்டுத்தான் ஆகோணும். எங்க வசந்தாமணி, என்ற சம்சாரமுங்க, தெருமுக்குல பிள்ளையாரைப் பாத்ததும் நின்னுட்டா. நின்னுட்டு என்ன சொல்லி அனுப்பினான்னா, "ஏனுங்க, நீங்க முன்னால போயி வீட்டைப் பாத்துட்டிருங்க. எதுக்குக் காலி பண்றீங்கன்னு கேட்டா, கம்பெனிக்குப் பக்கமா வேணும்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல வாயைத் தொறந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும்"னா. எனக்குப் பொய் வராதுங்க்கா. என்ற கம்பெனி பீளமேட்டுல. உங்க வீடு ஊருக்கு மறுகோடியில, வடவள்ளியில. இது எந்த ஊருப் பக்கமுங்க?

அதுவுமில்லாம, இந்த வீடு எங்களுக்குக் கெடைச்சே ஆகோணும். பொய் சொல்லி வாங்கின வீடு நெலைக்காது. கார்த்திகை முடியப் போகுது. மார்கழி பொறந்துட்டா எவன் பால் காய்ச்சிக் குடி போவான்? தை வரைக்கும் பொறுங்கன்னு கேட்டுப் பாத்தேன், பழைய வீட்டுக்காரர் திருமூர்த்தி அண்ணன் முடியவே முடியாதுன்னுட்டாரு. இந்த வீடும் கெடைக்கலைன்னா நான் பொள்ளாச்சியில எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன், நீங்க எக்கேடோ கெட்டுப் போங்கன்னு வசந்தாமணி சேலையெல்லாம் மடிச்சுப் பொட்டியில வெச்சுட்டா. வெளையாட்டுக்குச் சொல்லலைங்க. பொட்டி கட்டில் மேலயே இருக்குது.

தப்பு எங்க மேல கெடையாது. அதை மொதல்லயே சொல்லிக்கறேன். நாங்க ரெண்டே பேரு. சத்தமில்லை, சண்டையில்லை. சண்டைன்னா வசந்தாமணி போடறதுதான், அது வெளிய கேக்காதுங்க.

எங்க பொண்ணைப் பெங்களூருல குடுத்திருக்கோம். அவ போனப்பறம் வீடு வெறிச்சுனு ஆயிப்போச்சு. சாயங்காலம் கம்பெனியில இருந்து வந்தா நானும் இவளும் டிவியைப் பாத்துட்டு உக்காந்திருப்போம், டிவி எங்களைப் பாத்துட்டிருக்கும். நெம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க்கா, மறைக்கறதுக்கு என்ன. அப்பத்தான் ஒரு மீன் கடையில அதுக ரெண்டையும் பாத்தேன். கடல் மீனு. எவனோ கோமாளி மீன்னு பேரு வெச்சிருக்கான். பேருதான் கோமாளி, மூஞ்சி வெகு கவுரவமா இருக்கும். நெருப்பாட்டம் நெறம், ஒடம்புல வெள்ளை வெள்ளையாப் பட்டை. பெருசு பொட்டையாம், சிறுசு ஆணாம். பெருசு போற பக்கமெல்லாம் சிறுசு பின்னாலயே போகுது. பெருசு மொறைச்சா சிறுசு கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குது. அட, நம்ம வீடு மாதிரியே இருக்குதேன்னு தோணுச்சு. வாங்கறதா முடிவு பண்ணிட்டேன்.

கடைக்காரன் என்ன சொன்னான்னா, கடல் மீனுக்கு ஒரு தொட்டி பத்தாதாம். கீழ இன்னொண்ணு வேணுமாம். சம்ப்னு பேரு. நம்ம வாசல்ல குடிதண்ணிக்குப் பூமிக்குள்ள கட்டியிருக்கோம் பாருங்க, அதில்லீங்க. இது கண்ணாடித் தொட்டி. மேல இருக்கற தொட்டியில இருந்து அழுக்குத் தண்ணி ஒரு குழாய் வழியாக் கீழ எறங்கும். கீழ தொட்டிக்குள்ள தடுப்புத் தடுப்பா வெச்சு, துணி, பஞ்சு, கல்லுன்னு எல்லாத்துலயும் பூந்து வடிஞ்சு, கடைசி அறையில சுத்தமா வந்து நிக்கும். அங்க ஒரு பம்பு இருக்கும். அது தண்ணியை மறுபடி மேல தள்ளிவிடும். இப்படியே ராத்திரி பகலாச் சுத்திட்டே இருக்கோணும். அவ்வளவுதான் சூட்சுமம். ரெடிமேடா வாங்கிக்கிறீங்களான்னு கேட்டான். எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துடுச்சு. ஏப்பா, நான் யாருன்னு நெனைச்சே? மீசை மொளைச்ச நாள்ல இருந்து பம்பு கம்பெனியில இருக்கறவன். தண்ணியை மேல தள்ளறதுக்கு எனக்கே ரெடிமேடா விக்கறயான்னு கேட்டேன். மேல் தொட்டிக்கு மட்டும் பில்லைப் போட்டுட்டான்.

சித்தே அந்தப் பக்கம் நகர்ந்துக்கிறீங்களா? ஒண்ணுமில்லீங்க, கோலிக்குண்டு. தரையில விட்டா எந்தப் பக்கம் வாட்டம்னு தெரிஞ்சுடும். ஒரு பழக்கந்தான். நீங்க கேளுங்க.

சம்ப்பை நானே கட்டுனேன். எங்க வீட்டு ஷோகேஸ்ல கண்ணாடிப் பலகை நாலு சும்மாதான் இருந்துச்சு. சும்மான்னா, மேல பொண்ணு ஸ்கூல்ல வாங்கின கப்பெல்லாம் இருந்துச்சு. அதையெல்லாம் ஒரு சாக்குல போட்டுக் கட்டி அட்டத்துப் பரண்ல ஏத்திட்டு, கண்ணாடியை அறுத்துத் தடுப்பா வெச்சு, சிலிக்கான் போட்டு ஒட்டிட்டேன். அது காயற வரைக்கும் வீடெல்லாம் வினிகர் நாத்தம். வசந்தாமணி ஊறுகாய்தான் கெட்டுப் போச்சாட்டம் இருக்குதுன்னு ரெண்டு ஜாடி மாங்காயைத் தூக்கிக் கொட்டிட்டா. அதையும் என்ற கணக்குலதான் எழுதி வெச்சிருக்கா. நான் கொட்டச் சொன்னனா?

பம்பு எங்க கம்பெனியிலயே ஒண்ணு வாங்கியாந்தேன். அரை எச்.பி. ஆமாங்க, கெணத்துக்குப் போடறதுதான். கொஞ்சம் எச்சா இருந்தா நல்லதுதானேன்னு போட்டேன். மீனு விடலை அப்ப, வெறுந்தண்ணிதான். சுவிட்சைப் போட்டேன் பாருங்க, தண்ணி தொட்டியில நிக்கலை, நேரா ஃபேனுல போயி மோதிடுச்சு. ஃபேன் வேற ஓடிட்டிருந்துச்சா, எங்க முன்கூடம், ஆசாரம் பூராவும் மழை. வசந்தாமணி சோத்துத் தட்டோட நனைஞ்சு நிக்கறா. அப்படியே தட்டைச் சாய்ச்சுத் தண்ணியை வடிச்சுட்டு மறுபடி சாப்பிட ஆரம்பிச்சுட்டா.

அந்தத் தண்ணியில சித்தே கீழ எறங்கிடுச்சு. கீழ குடியிருக்கறது வீட்டுக்காரர் திருமூர்த்தி அண்ணன். மில்லுல மேஸ்திரியா இருந்து ரிட்டயர் ஆனவரு, சம்சாரம் தவறிப் போச்சு, தனியா இருக்காரு. பெரிய சிவபக்தர். நெத்தியில திருநீறு இல்லாம நான் பாத்ததேயில்லை. முட்டி வலி, மாடிப்படி ஏறமாட்டாரு. படிக்குக் கீழயே நின்னுக்கிட்டு, "ஏப்பா சென்னியப்பா! இனி ஒரு சொட்டு கீழ வந்துச்சு, பொட்டி கட்டிக்கோ. ஒரு சொட்டு!"ன்னு வெரலைக் காட்டிச் சொல்லிட்டாரு. நானும் சரிங்கண்ணான்னு சொல்லிட்டேன். நான் சொன்னா சொன்னதுதான். பம்பை மாத்தி, தொட்டிக்குன்னே விக்கற சின்னதா ஒண்ணு போட்டுட்டேன்.

என்னங்க்கா, தரையவே பாக்கறீங்க? இந்த ரூமுக்கு நேராக் கீழ என்ன இருக்குது? உங்க பூசை ரூமுங்களா. அடடே.

சரி, கேளுங்க. மீனுக்குக் கடல் தண்ணி வேணுமே. கோயமுத்தூருல கடலுக்கு எங்க போறது? அதுக்குன்னு ஒரு உப்பு விக்கறான், வாங்கிக் கலந்துக்கோணும். நான் கீழ அண்டாவை வெச்சுக் கலக்கிட்டிருந்தேன். திருமூர்த்தி அண்ணன் பாத்துட்டாரு. என்னமோ நான் பாலுல வெசத்தைக் கலந்தாப்புல ஒரு கத்து. "சிறுவாணித் தண்ணியில உப்பைக் கொட்டறயா? டேய், இந்தத் தண்ணிக்காக ஊரு ஊரா பொண்ணு குடுக்கறானுகடா கோயமுத்தூருக்கு! நீ நல்லாருப்பயா?"ன்னாரு. மனசு கஷ்டமாத்தான் இருந்துச்சு. நானும் சிறுவாணி குடிச்சு வளந்தவன். ஆனா மீனு குடிக்கோணுமல்லோ.

அப்பறம் அந்த இட்லித் துணி விசயம். அது ஒரு விசயமே இல்லை, ஆனா வசந்தாமணி வந்தா அதைத்தான் மொதல்ல சொல்லுவா, அதனால நானே சொல்லிடறேன். சம்ப்புல மொத அறையில அழுக்கு வடிகட்டறதுக்கு ஒரு துணிப் பை போடோணும். கடையில விக்கறதைத் தொட்டுப் பாத்தேன். அக்கா, அது நம்ம இட்லித் துணியேதான்! அதே நெசவு. அதனால சமையல்கட்டுல இருந்து ஒண்ணை எடுத்துப் பையாத் தெச்சுப் போட்டேன். நல்லா வடிகட்டுச்சு. வாரத்துக்கு ஒரு தடவை கழட்டித் தொவைச்சுக் கொடியில காயப் போடுவேன். ஒரு நாள் காயப் போட்டதை வசந்தாமணி தையலைப் பிரிச்சு எடுத்து இட்லி ஊத்திட்டா. அன்னிக்குன்னு பாத்துத் திருமூர்த்தி அண்ணனுக்கு நாலு இட்லி குடுத்தனுப்பியிருக்கா. அவரு சாப்பிட்டுட்டு, "அம்மிணி, இட்லியில என்னமோ திருச்செந்தூருக்குப் போயிட்டு வந்தாப்புல ஒரு வாசம்"னாரு. நான் வாயைத் தொறக்கலை. அவரு எங்கிட்டக் கேக்கலையே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன், எனக்குப் பொய் வராது.

இப்ப முக்கியமானதுக்கு வரேன். கடைக்காரன் கடைசியா ஒண்ணு சொன்னான். "அண்ணா, பம்புல இருந்து மேல போற குழாய் இருக்குது பாருங்க, அதுல தண்ணி மட்டத்துக்குச் சித்தே கீழ ஒரு சின்ன ஓட்டை போட்டுடுங்க. பம்பு நின்னுச்சுன்னா மேல இருக்கற தண்ணி அதே குழாய் வழியாத் திரும்பிக் கீழ வந்துடும். ஓட்டை இருந்தா காத்துப் பூந்து நின்னுக்கும்"னான். எனக்கு வந்துச்சே சிரிப்பு! குழாய்ல ஓட்டை போடறதா? நான் இத்தனை வருசமாக் கம்பெனியில வாங்கற சம்பளமே குழாய்ல ஓட்டை இல்லாமப் பாத்துக்கறதுக்குத்தான். என்ற கையால நான் ஓட்டை போடுவனா? நாளைக்கு கம்பெனியில நாலு பேரு மூஞ்சியில முழிக்க வேண்டாமா? போடலை. அதுக்குப் பதிலா, பம்பு நின்னாத்தானே வம்பு, நிக்கவே விடாமப் பண்ணிட்டாப் போச்சுன்னு ஒரு இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிட்டேன். கரண்டு போனாலும் பம்பு நிக்காது. வீட்ல ஃபேனு நிக்கும், லைட்டு நிக்கும், வசந்தாமணி இருட்டுல விசிறிக்கிட்டு உக்காந்திருப்பா, பம்பு மட்டும் சும்மா ஜம்முனு ஓடும். தண்ணி விழுகற சத்தம் வேற இல்லாம இருக்கோணும்னு குழாய் வாயைத் தொட்டியில அடி வரைக்கும் எறக்கி விட்டிருந்தேன். இதெல்லாம் அனுபவத்துல வர்றது.

மாசக்கணக்கா ஒரு கொறையில்லை. மீனு ரெண்டும் என்னைப் பாத்தாக் கண்ணாடிக்கு வந்துடும். வசந்தாமணியும் நான் பாக்காதப்பப் போயி அதுககிட்டப் பேசுவா. மூணாம் மனுசங்ககிட்டச் சொல்லக் கூடாது, ஒரு நாள் அந்தப் பெரிய மீனுகிட்ட என்னைப் பத்திக் கொறை சொல்லிட்டிருந்தா. எனக்கு சந்தோசமா இருந்துச்சு. வீட்ல மறுபடி பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, அதுக்குத்தானுங்க.

அப்பறம் ஆயுத பூசை வந்துச்சு.

எனக்குத் தீவாளி பொங்கலெல்லாம் அப்பறம். ஆயுத பூசைதான் நோம்பி. அன்னிக்குக் கம்பெனியில ஒரு மெசினு ஓடக் கூடாது. தொடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, பூப் போட்டு, பொரி வெச்சுக் கும்பிட்டு, அன்னிக்கு முச்சூடும் அதுக்கு ஓய்வு. வருசம் பூராவும் நமக்கு ஒழைக்கற மெசினுக்கு ஒரு நாள் ஓய்வு குடுக்கலைன்னா நாமெல்லாம் மனுசனா? கம்பெனி பூசையை முடிச்சுட்டு வந்து, வீட்ல வண்டிக்குப் பொட்டு வெச்சேன், மிக்சிக்கு, கிரைண்டருக்கு, ஸ்பேனர் செட்டுக்கு, வசந்தாமணி தையல் மெசினுக்கு, எல்லாத்துக்கும் வெச்சேன். திரும்பிப் பாக்கறேன், இந்தப் பம்பு மட்டும் பாவம், ஓடிட்டே இருக்குது. போட்ட நாள்ல இருந்து ஒரு நிமிசம் நிக்கலை. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சுங்க்கா. எல்லாரும் ஓய்வா இருக்கறாங்க, இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?

"ஓடறதை எதுக்கு நிறுத்தறீங்க? ஓட ஓடவே ஒரு பொட்டை வெச்சு உட்டுடுங்க"ன்னா வசந்தாமணி. சாஸ்திரம் தெரியாத பேச்சு. ஓடற மெசினுக்கு எவனாவது பொட்டு வெப்பானா? அணைச்சேன். பம்பு தண்ணிக்குள்ள இருக்குது, அதனால தொட்டிக் கண்ணாடிக்கும் சுவிட்சுக்கும் சந்தனம் குங்குமம். குழாய்க்கு ஒரு மொழம் சாமந்தி. சூடம் காட்டறப்பக் களகளன்னு ஒரு சத்தம் வந்துச்சு. "பாரு அம்மிணி, ஓய்வு குடுத்ததும் பம்பு பெருமூச்சு விடுது"ன்னேன். இவளும் கும்பிட்டுக்கிட்டா. திருமூர்த்தி அண்ணன் கீழ பூசைக்குக் கூப்பிட்டிருந்தாரு. பொரி சுண்டல் தட்டை எடுத்துக்கிட்டு, கதவைப் பூட்டிட்டு எறங்கிட்டோம்.

அவரு பூசை ரூமுல எதுத்த வீட்டுக்காரங்க நாலஞ்சு பேரு இருந்தாங்க. அண்ணன் கண்ணை மூடித் தேவாரம் பாடறாரு. சூடத் தட்டைத் தூக்கறாரு. மேல இருந்து ஒரு சொட்டு. சொய்ங்னு சூடம் அணைஞ்சு போச்சு. அடுத்த சொட்டு அவரு உச்சந்தலையில. ஃபேன் மாட்டற கொக்கி வழியா எறங்குது. அண்ணன் கண்ணைத் தொறந்து மேல பாத்தாரு. நெத்தியில வழிஞ்சது நாக்குக்கு வந்துச்சு. சப்புக் கொட்டினாரு. நான் மெதுவா வாசப்படிப் பக்கம் நகர்ந்தேன். வெரலைக் காட்டி ஒரு சொட்டுன்னு சொன்ன மனுசனாச்சே.

ஆனா அவரு திட்டலை. "உப்புக் கரிக்குது"ன்னாரு. "சென்னியப்பா, உப்புக் கரிக்குதப்பா! ராமேசுவரத்துத் தீர்த்தமப்பா இது! முட்டி வலியில என்னால போக முடியலைன்னு அப்பனே எறங்கி வந்துட்டான்!"னு ஒரே அழுகை. எதுத்த வீட்டம்மா ஓடிப்போயி ஒரு சொம்பைக் கொண்டாந்து பிடிச்சுட்டாங்க. எல்லாரும் உள்ளங்கையில வாங்கி வாயில ஊத்தி, மிச்சத்தைத் தலையில தடவிக்கிறாங்க. நானும் கையெடுத்துக் கும்பிட்டுக் கம்முனு நின்னேன். ஏமாத்தலைங்க. ஒரு பெரியவரு அவ்வளவு சந்தோசமா இருக்கறப்ப நடுவுல பேசறது மரியாதையா?

வசந்தாமணிக்கும் ஒரு உள்ளங்கை குடுத்தாங்க. பயபக்தியாக் குடிச்சா. குடிச்சுட்டு, கணீர்னு, அத்தனை பேரு முன்னாலயும், "ஏனுங்க, இது நம்ம மீன் தண்ணியல்லோ!"ன்னுட்டா.

அப்பறம் நடந்ததை என்னன்னு சொல்ல. எதுத்த வீட்டம்மா சொம்பை வெச்சுட்டு வாய் கொப்புளிக்கப் பொடக்காலிக்கு ஓடிட்டாங்க. திருமூர்த்தி அண்ணன் அஞ்சு வருசமா ஏறாத படியை அன்னிக்கு ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறினாரு. கதவைத் தொறந்தா ஆசாரமெல்லாம் தண்ணி. சாமந்தி மாலை மெதக்குது, வசந்தாமணி செருப்பு மெதக்குது. மேல் தொட்டித் தண்ணி குழாய் வழியாத் திரும்பிக் கீழ வந்து, சம்ப் நெறைஞ்சு வழிஞ்சிருக்குது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவரு வீட்டுத் தளத்துல வாட்டம் சரியில்லை. ஒழுங்கா வாட்டம் வெச்சிருந்தாத் தண்ணி வாசப்படிப் பக்கம் போயிருக்கும். இதை அங்கயே அவருகிட்டச் சொன்னேன். வசந்தாமணி, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்"னா. நான் சொன்னேன், கூடம் நெசமாவே கோணல்தான், வேணும்னாக் கோலிக்குண்டு உட்டுப் பாக்கலாம்னு.

அவரு ரெண்டு பேத்தையும் பாக்கலை. தொட்டி முன்னால போயி நின்னுட்டாரு. அடியில ஒரு சாண் தண்ணிதான் இருக்குது. அதுல ரெண்டு மீனும் ஒண்ணையொண்ணு ஒட்டிக்கிட்டுத் தெகைச்சுப் போயிக் கெடக்குது. அதுக்கு முன்னால அவரு அதுகளைப் பாத்ததேயில்லை. பாத்தாரு, குனிஞ்சு பாத்தாரு, கண்ணாடியைத் தொடைச்சு மாட்டிக்கிட்டுப் பாத்தாரு. "மூணு பட்டை"ன்னாரு மெதுவா. "தலையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, வாலுல ஒண்ணு. ஒடம்பெல்லாம் திருநீறு. சென்னியப்பா, இதுக மீனில்லடா, சிவனடியாருகடா. அடியாரைத் தண்ணியில்லாமத் தவிக்க உட்டுட்டயே பாவி!"ன்னாரு. நான் ஓடிப்போயிச் சுவிட்சைப் போட்டேன். சம்ப்புல மிச்சமிருந்த தண்ணி மேல ஏறுச்சு. சிறுசு மெதுவா வாலை ஆட்டுச்சு. அவரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு. நானும் வசந்தாமணியும் ஒருத்தரை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு நின்னோம். அப்பா, பொழைச்சோம், கோவம் எறங்கிடுச்சுன்னு நெனைச்சேன்.

அவரு திரும்பினாரு. "அடியாருக ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும். என்ற வீட்ல என்ற கண்ணு முன்னால இருக்கட்டும். நீயும் உன்ற சம்சாரமும் கார்த்திகைக்குள்ள காலி பண்ணிடுங்க"ன்னாரு.

ஏனுங்க்கா, நீங்களே சொல்லுங்க. இது எந்த ஊரு நாயம்? மீனு வாங்கினவன் நான். உப்புக் கலந்தவன் நான். ஷோகேஸை அறுத்தவன் நான். மீனுக்கு வீடு இருக்குது, எனக்கும் என்ற சம்சாரத்துக்கும் வீடு இல்லை.

தொட்டியை இப்பக் கீழ அவரு ஆசாரத்துல எறக்கியாச்சு. எறக்கினதும் நான்தான், சம்ப்பை மாட்டினதும் நான்தான். கடைக்காரனைக் கேட்டுட்டு வந்து குழாய்ல ஒரு ஓட்டையைப் போட்டுட்டாரு அந்த மனுசன். ரெண்டு தடவை கரண்டு நின்னுச்சு, ஒண்ணும் வழியலை. அது ஏதோ அதிர்ஷ்டமுங்க, ஓட்டையில என்ன இருக்குது. ஆனா அவருக்கு உப்பளவு பாக்கத் தெரியாது, துணி மாத்தத் தெரியாது. அதனால காலையில கம்பெனிக்கு முன்னால ஒரு நடை, சாயங்காலம் வந்து ஒரு நடை, நான்தான் போயிப் பாத்துக்கறேன். அவரு எனக்குக் காப்பி குடுப்பாரு. ரெண்டு பேரும் சேர் போட்டு உக்காந்து பாத்துட்டிருப்போம். இப்பல்லாம் ராத்திரிச் சோத்துக்கே மேல ஏர்றதுக்கு லேட் ஆயிடுது. நல்ல மனுசன். ஆனாக் காலி பண்றதுல மட்டும் ஒரு இஞ்சு எறங்க மாட்டேங்கறாரு.

அதுதான் விசயம். எங்க மேல ஒரு தப்பும் இல்லைன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும். இந்த வீட்ல பெருசா ஒண்ணும் வெக்க மாட்டேன். அந்த மூலையில சின்னதா ஒரு தொட்டி. இந்தத் தடவை நண்டு வளக்கலாம்னு ஒரு ரோசனை. வாட்டம் வேற இங்க கச்சிதமா இருக்குது, கோலிக்குண்டு நேரா உங்க பூசை ரூமு மேலதான் போயி நிக்குது.

இதா, வந்துட்டாளே. வா அம்மிணி. அக்கா, இவதான் வசந்தாமணி. என்ன அப்படிப் பாக்கறே? நான் ஒண்ணும் சொல்லலை. அக்கா கேட்டாங்க, சுருக்கமாச் சொன்னேன். இல்லை, முழுசும் சொல்லலை. இட்லித் துணியா? அது... அது சொன்னேன். தீர்த்தமும் சொன்னேன். நண்டா? அதை எப்ப நீ கேட்டே?

அக்கா, பாருங்க, படியிலயே உக்காந்துட்டா. ஏ அம்மிணி, எதுக்கு இப்பக் கண்ணைத் தொடைக்கறே? பாத்த வீடெல்லாம் இப்படித்தான் போச்சுங்கறயா? அவங்கெல்லாம் சொல்லி அனுப்பறோம்னுதானே சொன்னாங்க. இன்னும் சொல்லி அனுப்பலை, அதுக்கு நான் என்ன பண்ண? இவங்க அப்படியில்லை. இவங்க எவ்வளவு நேரம் கம்முனு கேட்டாங்க தெரியுமா?

என்னது? அக்காகிட்ட என்ன கேக்கறே? ஒருத்திக்கு மட்டும் வீடு குடுப்பீங்களான்னா? நீ மட்டுமா? நான்? நான் எங்க போறது? திருமூர்த்தி அண்ணன் ஆசாரத்துலயா? சரி, அங்கதான் பாதி நாளு இருக்கறேன், அதுக்காக... அவருகிட்டக் கேட்டுட்டயா? எப்பக் கேட்டே? தொட்டி பக்கத்துல பாய் போட்டுக்கட்டும்னு சொல்லிட்டாரா? அடியாரைப் பாத்துக்க ஆளு வேணும்னாரா?

அக்கா, எங்க எந்திரிச்சுப் போறீங்க? அக்கா? அக்கா, சாவியை அவகிட்ட எதுக்குக் குடுக்கறீங்க, நான் இங்க நிக்கறேன்! சிரிக்காதீங்க ரெண்டு பேரும். அம்மிணி, அதை ஏன் முந்தானையில முடியறே?

சரி. சரி, வீடு கெடைச்சுதல்லோ. மார்கழிக்கு முன்னால பால் காய்ச்சிடலாம். பொள்ளாச்சிப் பொட்டியைப் பிரிச்சுடு. எனக்கு அதுதான் வேணும், நெம்ப சந்தோசம். ஆனா நான் அப்பப்ப வந்து போலாமுங்களா, அக்கா? விருந்துக்கு வர்ற ஒறம்பரையாட்டம், ஞாயித்துக்கெழமை? ஒறம்பரை வந்தா ஒரு சொம்புத் தண்ணியாவது குடுப்பீங்கல்லோ?

வாசல்லயா?

சரிங்க. வெளிய நின்னே குடிச்சுக்கறேன்.